எண்பது சதவீதம் ரெடி

"ரெடி வெறும் அஞ்சு சதவீதம்தானா?" என்று கேட்டார் மேலாளர்.

சுவரில் புதிதாக மாட்டியிருந்த திரையின் முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். திரையில் பச்சைக் கோடுகள் நெளிந்து ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோட்டின் அடியிலும் 'ரெடி' என்று போட்டு, பக்கத்தில் ஓர் எண் இருந்தது.

"ஆமா சார். ரொம்ப நல்ல நிலைமை," என்றான் சர்வர்.

"அஞ்சு சதவீதம் ரெடின்னா, மீதி தொண்ணூத்தஞ்சு என்ன பண்ணுது? தூங்குதா?"

சர்வர் என்பது அவன் பெயரல்ல. சர்வர் அறையிலேயே பழியாகக் கிடப்பதால் அலுவலகம் வைத்த பட்டப்பெயர். அவனுடைய மாமியார் ஒரு தடவை பெருமையாக "மாப்பிள்ளை சர்வர்ல இருக்கார்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லப்போய், "எந்த ஹோட்டல்?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மாப்பிள்ளையின் உத்தியோகம் பற்றி அவர் வாய் திறப்பதில்லை.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர்கள் பொறுப்பில்தான் ஏறி இறங்கின. அவர்களுடைய அலுவலகம் இருந்த கட்டடத்தின் ஒரே லிஃப்ட் மட்டும் போட்டிக் கம்பெனியின் பொறுப்பில் இருந்தது. அது வரும்போது வரும்.

சர்வர் அறையில் இருந்தது ஒரே ஒரு பழைய பெட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மெஷின்கள் ஒரு டஜன் குடியிருந்தன. கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, முதலாளி காலையில் பார்க்கும் அறிக்கைக்கு ஒன்று, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தும் அவசர மணிக்கு ஒன்று. ஒவ்வொரு மெஷினும் தான் தனிக்குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அது கூட்டுக்குடும்பம்தான். ப்ராசஸர் என்கிற அடுப்புகள் சிலவே இருந்தன. யார் எப்போது சமைப்பது என்று முறை வைத்துக் கொடுப்பது பெட்டியின் வேலை. பாத்திரமும் கையுமாக அடுப்படியில் காத்து நிற்கிற நேரத்துக்குத்தான் 'ரெடி' என்று பெயர். அது குறைவாக இருந்தால் குடும்பம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

இதை மேலாளருக்கு விளக்க சர்வர் வாயைத் திறந்தான்.

"சார், ரெடி ஏறினா நல்லதில்ல. வேலை செய்ய முடியாம காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

"தம்பி, ஒருத்தன் வேலைக்கு ரெடியா நிக்கிறான். அவனைப் பாராட்டுவியா, திட்டுவியா?"

"பாராட்டுவேன் சார். ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். இதை எண்பது ஆக்கு."

"எண்பதா!"

"எண்பதைத் தாண்டுற அன்னிக்கே உனக்கு லீவு."

சர்வரின் அடிமடியிலேயே கைவைத்துவிட்டார் மனிதர். மனைவியோடு ஒரு வாரம் கடலோர ஊருக்குப் போக அவன் லீவு கேட்டு மூன்று தடவை தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் மேலாளர் ஒரே பதிலைத்தான் சொன்னார். பெட்டி பழசு, எப்போது படுக்கும் என்று தெரியாது, நீ இல்லாவிட்டால் யார் பார்ப்பது? புதுப் பெட்டிக்கு முதலாளியிடம் கேட்டும் பார்த்தாகிவிட்டது. முதலாளி, "இப்ப ஓடுதா, இல்லையா?" என்பார். "ஓடுது சார்" என்பார் மேலாளர். "அப்புறம் என்ன?" என்பார் முதலாளி. பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

எல்லாம் ஒழுங்காக ஓடுவதைச் சுவரில் படம் போட்டுக் காட்டினால் லீவு கிடைக்குமே என்றுதான் அந்தத் திரையைச் சர்வர் மாட்டினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

மேலாளர் வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வழுக்கைத் தலை, சாந்தமான முகம். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "பெட்டி விக்கிற கம்பெனியில" என்பார். பயணப்பெட்டி விற்றவருக்குச் சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஊருக்குப் போகப் பெட்டி வாங்கும்போது அவரிடம்தான் யோசனை கேட்டாள். சக்கரம் வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னார். அது இன்னும் நன்றாகத்தான் உருள்கிறது.

அன்று மாலை சர்வர் வீட்டுக்குப் போனபோது, வாசல் பக்கத்துச் சுவரோரம் அவர்களுடைய பெட்டி நின்றுகொண்டிருந்தது. முதல் தடவை லீவு தள்ளிப்போனபோது கட்டிய பெட்டி. மனைவி அதைப் பிரிக்கவே இல்லை. வேண்டிய துணியை அதிலிருந்தே எடுத்து, துவைத்து, அதிலேயே மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, என்ன சொன்னார் உங்க மேலாளர்?"

"ரெடியை எண்பது ஆக்கணுமாம். ஆக்கினா லீவு."

"ஆக்கிட்டு வாங்களேன்."

"நீ வேற. ரெடின்னா காத்துக்கிடக்கிறதுன்னு அர்த்தம்."

"சும்மா கிடக்கிறதா?"

"இல்ல, இல்ல. சும்மா கிடக்கிறது வேற. இது கையில வேலை இருக்கும், செய்யத் தெம்பும் இருக்கும், முறை மட்டும் வராது."

மனைவி பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அதாவது, என்னை மாதிரி."

சர்வர் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"எங்கம்மா போன் பண்ணி, 'என்னடி, வீட்ல சும்மாவா இருக்கே?'ன்னு கேக்கறாங்க. நான் சும்மாவா இருக்கேன்? கிளம்பி நிக்கிறேன்! போடுங்க என்னையும் உங்க சுவத்துல. தொண்ணூத்தொம்பது சதவீதம் ரெடி."

அவளுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது அந்த மனிதருக்கு ஏன் புரியவில்லை என்று சர்வருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மேலாளர் அவன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதலாளி பாக்கிற மெஷின்லேர்ந்து ஆரம்பி. நல்லது நடந்தா அவர் கண்ணுலதான் முதல்ல படணும். அதுக்கு எத்தனை ப்ராசஸர் குடுத்திருக்கே?"

"ரெண்டு சார்."

"எட்டு குடு."

"எட்டு குடுத்தா, எட்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல காலியாகற வரைக்கும் அது நிக்க வேண்டியிருக்கும் சார். வேகம் குறையும்."

"ரெடி ஏறுமா?"

"ஏறும்."

"அப்புறம் என்ன? குடு."

கொடுத்தான். ரெடி ஐந்திலிருந்து இருபதுக்கு ஏறியது. மேலாளர் கைதட்டினார்.

ஒரு மெஷினோடு போகட்டும், மற்றவற்றையாவது காப்பாற்றுவோம் என்று சர்வருக்கு ஒரு யோசனை தோன்றியது. கணக்குப் பிரிவின் மெஷினிலிருந்து ஒரு ப்ராசஸரை யாருக்கும் தெரியாமல் குறைத்தான். கூட்டம் குறைந்தால் எல்லோருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அன்று பில் போடுகிற நாள் என்பதை மட்டும் அவன் மறந்துவிட்டான். மதியத்துக்குள் கணக்கு அக்கா சர்வர் அறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என் மெஷின்ல எதையோ பிடுங்கிட்டியாமே?"

"யாருக்கா சொன்னது?"

"யார் சொன்னா என்ன? முதலாளிக்கு எட்டு, எனக்கு ஒண்ணா? கம்பெனியில அவர் மட்டும்தான் வேலை பாக்கிறாரா?"

அவளைச் சமாதானப்படுத்த அவளுக்கும் எட்டு கொடுத்தான். கணக்குக்கு எட்டு என்று தெரிந்ததும் சம்பளப் பிரிவு வந்தது. சம்பளத்துக்கு எட்டு கொடுத்ததும் உதிரிபாகக் கிடங்கு வந்தது. கிடங்கில் இருப்பவர் தன் மெஷினை வாரத்துக்கு ஒரு தடவைதான் தொடுவார். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றார். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதையாக, சர்வர் கொடுக்கக் கொடுக்க எல்லோருக்கும் பற்றாமல் போய்க்கொண்டே இருந்தது. சுவரில் இருந்த பச்சைக் கோடுகள் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகின.

"கலர் நல்லா வருது," என்றார் மேலாளர்.

அவசர மணி மெஷினுக்கு வந்தபோது மட்டும் அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது வேண்டாம். எல்லாப் பாடத்துலயும் நூறு வாங்கினா காப்பியடிச்சான்னு சொல்லுவாங்க. ஒண்ணுல ஃபெயிலாவே இருக்கட்டும். அதுக்கு வேண்டியதைத் தனியா ஒதுக்கி வெச்சிடு. மத்தது எதுவும் அதுல கை வைக்கக் கூடாது."

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு மணி அடித்தால் அது உடனே கேட்க வேண்டுமே என்று சர்வர் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தான். குருட்டாம்போக்கில் மனிதர் சரியாகச் சொல்லிவிட்டாரே என்று பெருமூச்சு விட்டு, அதற்கு வேண்டியதை உடனே ஒதுக்கிப் பூட்டினான்.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்குக் கிளம்பி லிஃப்டுக்காக நின்றார்கள். அதே மாடியில் இருந்த பல் டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய குடும்பமும் நின்றிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு அத்தைகள், கன்னம் வீங்கிய மாமா, மூன்று பிள்ளைகள். லிஃப்ட் வந்தது. உள்ளே மூன்று பேருக்கு இடம் இருந்தது. ஏறப்போன சர்வரை, "அடுத்ததுல போகலாம் தம்பி" என்று மேலாளர் நிறுத்தினார்.

"நீங்க போங்க, நாங்க எல்லாரும் ஒண்ணாத்தான் வருவோம்," என்று அந்த அம்மா உள்ளே நின்றவர்களிடம் சொன்னாள். லிஃப்ட் மூன்று பேர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. அடுத்த தடவையும் அப்படியே நடந்தது.

"ஏன் தம்பி, இடம் இருக்கு, ஏற மாட்டேங்கறாங்களே?" என்றார் மேலாளர், அப்பாவியாக.

சர்வருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"சார், இதேதான் சார்! இவங்க எட்டு பேர். எட்டு பேருக்கும் ஒண்ணா இடம் கிடைக்கிற வரைக்கும் நிக்கிறாங்க. ரெண்டு பேரா இருந்திருந்தா எப்பவோ போயிருப்பாங்க. நம்ம மெஷின் எல்லாத்தையும் நாம எட்டு பேர் குடும்பமா ஆக்கிட்டோம். எல்லாரும் ரெடியா நிக்கிறாங்க, யாரும் வீடு போய்ச் சேரலை!"

மேலாளர் தன் வழுக்கையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியே தம்பி. இந்த லிஃப்ட் கதையெல்லாம் எனக்கு எங்கே புரியும்? முதலாளிகிட்ட சொன்னாலாவது ரசிப்பார்."

சர்வர் படியிறங்கியே வீட்டுக்குப் போனான்.

அடுத்த நாள் காலையில் அலுவலகத்தில் அசாத்திய அமைதி நிலவியது. கணக்கு அக்கா பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், குடித்தாள், பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகும் பில் வரவில்லை. சம்பளப் பிரிவில் ஒருவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கிடங்குக்காரர் மட்டும் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை. அவசர மணி மெஷின் ஒரு மூலையில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

சுவரில் ரெடி எண்பத்திரண்டு காட்டியது.

லீவு வந்துவிட்டது. சர்வருக்குச் சந்தோஷம் வரவில்லை. வருடக்கணக்காகத் துடைத்துப் பராமரித்த பெட்டி, இப்படித் திணறுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. இப்படியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் ஓர் அலையைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலோ, "இதையெல்லாம் மாத்தினது யாரு?" என்ற கேள்வி வரும். மாற்றிய கை அவனுடையது. லீவு என்ன, வேலையே போகலாம்.

அதற்குள் முதலாளியின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

முதலாளி எண்ணெய் டப்பாவும் ஸ்பேனருமாக லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறி முன்னுக்கு வந்தவர். கோபம் வந்தால் குரல் ஆறு மாடிக்கும் கேட்கும்.

"என்னய்யா இது? காலையிலேர்ந்து வட்டமா சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு! அறிக்கை வரவே மாட்டேங்குது!"

நேரே சர்வர் அறைக்கு வந்து நின்றார். பின்னாலேயே மேலாளர் ஓடி வந்தார்.

"சார், எண்பத்திரண்டு சதவீதம் ரெடி!" என்றார் மேலாளர், முகமெல்லாம் பல்லாக.

"ரெடின்னா ஏன்யா வரலை?"

மேலாளர் திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சர்வரைப் பார்த்தார்.

"அது... நம்ம சர்வர் சொல்லுவான் சார்."

போட்டுக் கொடுத்துவிட்டாரே மனிதர் என்று சர்வருக்குக் கண் இருட்டியது. கடலோர ஊர், சுவரோரப் பெட்டி, மாமியார், எல்லாம் ஒரு தடவை கண்முன் வந்து போயின. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"சார், ஒரு கட்டடம் இருக்குன்னு வச்சுக்குங்க. லிஃப்ட் ஒண்ணுதான்."

"பழசா, புதுசா?" என்று முதலாளி உடனே கேட்டார்.

"பழசு சார். கீழே ஜனம் நிக்குது. எல்லாரும் கிளம்பி, ரெடியா நிக்கறாங்க. இந்த எண்பத்திரண்டு அதுதான் சார். ரெடியா நிக்கிறாங்களே தவிர, ஏற முடியலை. அதுலயும் நாங்க எல்லாரையும் எட்டு எட்டு பேர் குடும்பமா சேத்து விட்டுட்டோம். எட்டு பேருக்கும் இடம் கிடைச்சாதான் ஏறுவேன்னு ஒவ்வொரு குடும்பமும் நிக்குது. மாத்தினது நான்தான் சார். தப்புன்னு தெரிஞ்சேதான் மாத்தினேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் எதையோ கணக்குப் போட்டன.

"குடும்பத்தையெல்லாம் பிரிச்சு, ரெண்டு ரெண்டு பேரா ஆக்கினா?"

"இன்னிக்கே சரியாயிடும் சார். ஆனா நாம மாசா மாசம் புதுக் கட்டடம் எடுக்கிறோம். ஜனம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். இன்னும் கொஞ்ச நாள்ல ரெண்டு ரெண்டு பேரா வந்தாலும் இதே நிலைமைதான்."

முதலாளி கண்ணைத் திறந்தார்.

"அட, அவ்வளவுதானே? கூட்டத்துக்கு லிஃப்ட் பத்தலை. நிக்கிறவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு போட வேண்டியதுதான்." மேலாளர் பக்கம் திரும்பினார். "இதை ஏன்யா இத்தனை நாளா எனக்குச் சொல்லலை? மூணு தடவை வந்து பெட்டி பழசு, பெட்டி பழசுன்னியே தவிர, ஜனம் நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"எனக்கு இப்படிச் சொல்லத் தெரியலையே சார்," என்று மேலாளர் வழுக்கையைத் தடவினார்.

"புதுப் பெட்டிக்கு இன்னிக்கே சொல்லிடு. பெரிசா சொல்லு."

முதலாளி போனதும் சர்வர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மேலாளர் அவன் தோளைத் தட்டினார்.

"ரெடி எண்பதைத் தாண்டிடுச்சு தம்பி. நான் பேச்சு மாற மாட்டேன். புதுப் பெட்டி வந்து இறங்கற அன்னிக்கு நீ கிளம்பு. அதுவரைக்கும் இந்தக் குடும்பத்தையெல்லாம் பழையபடி ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு விட்டுடு."

"கணக்கு அக்கா சண்டைக்கு வருவாங்க சார்."

"எட்டுன்னே சொல்லு. வேகமா ஓடினா யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க."

சர்வருக்கு அவர் மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது. பாவம், தன் கீழே வேலை பார்க்கிறவன் முன்னாலேயே முதலாளியிடம் திட்டு வாங்கியும் மனிதர் முகம் கோணவில்லை. விஷயம் தெரியாவிட்டாலும் நல்ல மனசு. இனிமேல் அவருக்குப் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான். லிஃப்ட் உதாரணத்தைத் தானே கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மனைவியிடம் அன்றே இரண்டு தடவை சொல்லிக் காட்டினான்.

"அது சரி, நம்ம குடும்பம் ரெண்டு பேர்தானே? நமக்கு ஏன் இவ்வளவு நேரம் லிஃப்ட் வரலை?" என்று மனைவி கேட்டாள்.

புதுப் பெட்டி வந்து இறங்கியது. கூடவே அதைப் பொருத்த, பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். சுறுசுறுப்பான பெண், பழைய பெட்டியிலிருந்து ஒவ்வொரு மெஷினாகப் புதியதற்குக் குடிமாற்றினார். சுவரில் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. ரெடி ஒன்றுக்கும் கீழே போயிற்று. கீழே வாசலில் டாக்சி நின்றது. அதற்குள் சர்வரின் மனைவி பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவனுடைய போன் அதிர்ந்தது.

"என்னங்க, நான் ரெடி."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே. இதோ, இறங்கிட்டேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டவன், ஏதோ நினைவு வந்து, இன்ஜினியர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், ஒரு சின்ன உதவி. எங்க மேலாளர் வந்து கேட்டா, ரெடி நூறு சதவீதம்னு சொல்லிடுங்க. சந்தோஷப்படுவார். அவர் முன்னாடி ஏதோ பெட்டி விக்கிற கம்பெனியில இருந்தவர், பாவம். இதெல்லாம் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது."

"யாரு?" என்று கேட்டபடி இன்ஜினியர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். வராந்தாவில் மேலாளர் வழுக்கையைத் தடவியபடி வந்துகொண்டிருந்தார். இன்ஜினியர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டென்று எழுந்து நின்றார்.

"ஐயோ, இவரா! எங்க கம்பெனியில புதுசா சேர்ற எல்லாருக்கும், அந்த லிஃப்ட் உதாரணத்தைச் சொல்லி, ரெடின்னா என்னன்னு பாடம் எடுத்ததே இவர்தானே?"